ஆங்கிலக் கடிதம் வந்தால் யாரிடம் ஓடுகிறீர்கள்?

தபால்காரர் நீளமான வெள்ளை உறையொன்றைக் கடை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். உறையின் மூலையில் வங்கியின் சின்னம். அல்லது காப்புறுதி நிறுவனத்தின் சின்னம். கிழித்துப் பார்த்தால் இரண்டு பக்கம் ஆங்கிலம். மேலே நம் பெயர் இருக்கிறது. கீழே யாரோ ஒருவரின் கையெழுத்து இருக்கிறது. நடுவில் இருப்பது கடல்.

"மகன் டியூஷன் விட்டு வரட்டும்" என்று சொல்லி மேசை லாச்சிக்குள் போடுகிறோம். மகன் வருகிறான். அரை நிமிடம் பார்க்கிறான். "ஒன்றுமில்லை வாப்பா, சும்மா லெட்டர்" என்கிறான். கடிதம் பைலுக்குள் போய்விடுகிறது. ஒரு நாள் அந்தக் கடிதமே நம் கழுத்தைப் பிடிக்கிறது.

நான் தமிழ் மொழி மூலம் சாதாரண தரம் வரை படித்தவன். பதினேழு வயதில் வாப்பாவின் புடவைக் கடையில் உட்கார்ந்தவன். துணியைத் தொட்டுப் பார்த்து நூல் எண் சொல்லத் தெரியும். ஆளைப் பார்த்து காசோலை திரும்புமா, திரும்பாதா என்று ஓரளவு சொல்லத் தெரியும். ஆனால் ஆங்கிலக் கடிதம் வந்தால் கை நடுங்கும். இந்த வாரம் கணக்கு, வரி, சந்தை விலை எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்த நடுக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். காரணம், இது எனக்குப் பல இலட்சம் ரூபாய் நட்டம் தந்த விடயம்.

பெருநாள் சரக்கும் வெள்ளமும்

2016ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளத்தை எம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல பகுதிகள் நீரில் மூழ்கின. நோன்பு தொடங்க மூன்று வாரங்களே இருந்தன. வெல்லம்பிட்டியிலிருந்த என் களஞ்சியத்தில் பெருநாள் சரக்கு முழுவதையும் இறக்கி வைத்திருந்தேன். சாரம், படுக்கை விரிப்பு, பிள்ளைகளின் உடுப்பு. தண்ணீர் இரண்டடிக்கு மேல் ஏறியது. மூன்று நாட்கள் நின்றது.

காப்புறுதி இருந்தது. தீக் காப்புறுதியோடு மேலதிகத் தவணை கட்டி வெள்ளத்தையும் சேர்த்திருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் நித்திரை கொண்டேன். மதிப்பீட்டாளர் வந்தார். நனைந்த கட்டுகளைப் படம் எடுத்தார். பிறகு கேட்டார்: "இந்தக் கட்டுகளை எதன் மேல் வைத்திருந்தீர்கள்?"

"தரையில்தான்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து கடிதம் வந்தது. தட்டுகளில் இருந்து நனைந்த சரக்குக்கு மட்டும் பணம். தரையில் இருந்த சரக்குக்கு ஒரு சதமும் இல்லை. பதினெட்டு இலட்சம் ரூபாய் நட்டத்தில் என் கைக்கு வந்தது நான்கு இலட்சத்துக்கும் குறைவு.

நான் கோபத்தோடு போய் நின்றேன். அதிகாரி பத்திரத்தை விரித்து ஒரு வரியைக் காட்டினார். சரக்கு அனைத்தும் தரையிலிருந்து ஆறு அங்குலமாவது உயரத்தில் வைக்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. "இரண்டடி தண்ணீருக்கு ஆறு அங்குலம் உயர்த்தி என்ன பயன்? அப்போதும் நனைந்திருக்குமே!" என்று வாதாடினேன். "இருக்கலாம். நிபந்தனை நிபந்தனைதான். நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்றார்.

உண்மை என்னவென்றால், அந்த வரியை நான் முன்பே பார்த்திருந்தேன். பத்திரம் வந்த அன்று கடையில் கணக்கு எழுதும் தம்பியோடு உட்கார்ந்து பார்த்தோம். 'வொரன்டட் தட்' என்று அந்த வரி தொடங்கியது. தம்பி சந்தோஷமாகச் சொன்னான்: "நானா, வொரன்டியும் தந்திருக்கிறார்கள்." மின்விசிறி வாங்கினால் வொரன்டி, கைக்கடிகாரம் வாங்கினால் வொரன்டி. விற்பவன் வாங்குபவனுக்குக் கொடுக்கும் வாக்கு. அது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல். ஆகவே அந்த வரியை வாசிக்காமலே தாண்டிவிட்டோம்.

காப்புறுதிப் பத்திரத்தில் அந்தச் சொல் தலைகீழாக நிற்கிறது. அங்கே வாக்குக் கொடுப்பவர் நாம். நாம் இன்னின்னபடி நடந்துகொள்வோம் என்று நிறுவனத்துக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது. நடந்துகொள்ளாவிட்டால் நிறுவனம் கை கழுவலாம்.

மாஸ்டர் கேட்ட ஒரு கேள்வி

என் கடைக்கு வழமையாக வரும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இந்த வரிக்கு அடுத்த வரியை வாசித்தீர்களா?"

"இல்லை சேர்."

"வாசியுங்கள்."

எழுத்துக் கூட்டி வாசித்தேன். இதற்கு இணங்க நடக்காவிட்டால் நிறுவனம் பொறுப்பல்ல என்ற கருத்து. 'கம்ப்ளையன்ஸ்' என்ற சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் 'நொட்' தெரிந்தது. 'கொம்பனி' தெரிந்தது. 'லயபல்' என்பதை எங்கோ கேட்டிருந்தேன்.

"வொரன்டி கொடுத்தவர் நிறுவனமாக இருந்தால், அடுத்த வரியில் ஏன் நிறுவனம் பொறுப்பல்ல என்று சொல்கிறது? சரக்கை உயர்த்தி வைப்பது யாருடைய வேலை? உங்களுடைய வேலை. அப்படியானால் வாக்குக் கொடுத்தவர் யார்?"

எனக்கு அகராதி தேவைப்படவில்லை. பதில் அந்த இரண்டு வரிக்குள்ளேயே இருந்தது. மாஸ்டர் சொன்னார்: "தெரியாத சொல் ஆபத்தில்லை தம்பி. அதைக் கண்டால் நீங்கள் நின்றுவிடுவீர்கள். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் ஆபத்து. அதில் நீங்கள் நிற்பதே இல்லை."

அதற்குப் பிறகு பல மாலைகள், அஸருக்குப் பின் கடையில் கூட்டம் குறையும் நேரம், அவர் எனக்குப் பாடம் சொன்னார். இலக்கணப் புத்தகம் இல்லை. என் பைலில் இருந்த கடிதங்களே பாடப் புத்தகம். அங்கே நான் கற்றதைத்தான் கீழே தருகிறேன்.

முதலில் கடிதம் என்ன சொல்கிறது?

நாம் செய்யும் முதல் பிழை, முதல் வரியில் தெரியாத சொல் வந்தவுடன் அங்கேயே நின்றுவிடுவது. மாஸ்டரின் முதல் கட்டளை, நிற்காமல் கடைசி வரை ஒரு முறை ஓடிப் போய் வர வேண்டும் என்பது. விளங்காவிட்டாலும் பரவாயில்லை. சந்தையில் சரக்கு எடுக்கும்போது முதல் கடையிலேயே விலை பேசுவோமா? தெருவை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுத்தானே பேசத் தொடங்குவோம். அது போலத்தான்.

இரண்டாவது, கடிதம் எதைப் பற்றியது என்பதும் கடிதம் என்ன சொல்கிறது என்பதும் இரண்டு வேறு விடயங்கள். எதைப் பற்றியது என்பது மேலே தடித்த எழுத்தில் இருக்கும். உதாரணமாக 'உங்கள் பேங்கிங் ஃபெஸிலிட்டி' என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "வங்கி வசதி பற்றிய கடிதம்" என்று சொல்லிப் பைலில் போட்டால் நாம் எதையும் வாசிக்கவில்லை. அந்த வசதிக்கு என்ன நடந்தது? கூடியதா, குறைந்ததா, நின்றதா? அந்த வினைச்சொல்லில்தான் மையக் கருத்து இருக்கிறது.

வணிகக் கடிதங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் பந்தியில் மரியாதை பேசும். நீண்ட காலத் தொடர்புக்கு நன்றி, உங்கள் வியாபாரத்தை மதிக்கிறோம் என்று போகும். கடைசிப் பந்தியிலும் மரியாதை பேசும். சங்கதி நடுவில் இருக்கும். அதுவும் பெரும்பாலும் 'ஹவெவர்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும். "ஆனாலும்" என்று அர்த்தம். நம் வீடுகளில் பெண் கேட்டு வந்தவர்களுக்கு மறுப்புச் சொல்லும்போது, "பிள்ளை நல்ல பிள்ளை, குடும்பம் நல்ல குடும்பம்" என்று தொடங்கி "ஆனால்" என்று இழுப்போமே, அதே முறைதான். 'ஹவெவர்' என்ற சொல்லைக் கண்டால் பேனையால் ஒரு வட்டம் போடுங்கள். அதற்குப் பின் வரும் இரண்டு வரியை மூன்று முறை வாசியுங்கள்.

மையக் கருத்தைப் பிடித்துவிட்டோமா என்று சோதிக்க நான்கு கேள்விகள் போதும். யார் செய்ய வேண்டும்? என்ன செய்ய வேண்டும்? எப்போதைக்குள் செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? இந்த நான்குக்கும் விடையைத் தமிழில் கடிதத்தின் மூலையில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் கடிதம் விளங்கவில்லை என்று அர்த்தம். பைலில் போடாதீர்கள்.

'ஷெல்', 'மஸ்ட்' என்று வந்தால் கட்டாயம். 'மே' என்று வந்தால் விரும்பினால் செய்யலாம் என்ற அனுமதி. "வங்கி மே" என்றால் வங்கி நினைத்தால் செய்யும், நம்மிடம் கேட்க வேண்டியதில்லை. இந்த மூன்று சின்னச் சொற்களில் பாதி ஒப்பந்தம் அடங்கிவிடுகிறது.

அக்கம் பக்கத்துச் சொற்களைக் கேளுங்கள்

புதிய வாடிக்கையாளர் ஒருவர் கடன் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரிக்கிறோம். தெரியாத சொல்லையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும். பக்கத்துச் சொற்கள் அதைப் பற்றிச் சாட்சி சொல்லும்.

சில இடங்களில் கடிதமே விளக்கம் தரும். 'மீன்ஸ்', 'தட் இஸ்' போன்ற சொற்கள் வந்தால் விளக்கம் வருகிறது என்று பொருள். காப்புறுதிப் பத்திரங்களில் 'டெஃபினிஷன்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். யாரும் வாசிக்காத பகுதி அது. ஆனால் வெள்ளம் என்றால் என்ன, களவு என்றால் என்ன என்று நிறுவனம் தன் அகராதியை அங்கேதான் எழுதி வைக்கிறது. பூட்டு உடைக்காமல் போன சரக்கு பல பத்திரங்களில் களவுக் கணக்கில் வராது. நம் அகராதி அங்கே செல்லாது.

சில இடங்களில் உதாரணம் காட்டிக்கொடுக்கும். 'சச் அஸ்' என்பது "போன்ற" என்று பொருள்படும். 'பெரிஷபல் கூட்ஸ் சச் அஸ்' என்று எழுதி, பின்னால் பழம், மரக்கறி, மீன் என்று வந்தால் 'பெரிஷபல்' என்பது பழுதாகும் பொருள் என்று சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

சில இடங்களில் எதிர்ச்சொல் உதவும். சரக்கு அனுப்பும் இந்திய வியாபாரிக்கு ஒரு முறைப்பாடு எழுத வேண்டியிருந்தது. அவருடைய பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து எழுதினேன். அதில், முதல் தொகுதி 'கலர்ஃபாஸ்ட்', 'பட்' இந்தத் தொகுதி முதல் கழுவலிலேயே சாயம் விட்டது என்று இருந்தது. 'பட்' என்றால் "ஆனால்". அப்படியானால் 'கலர்ஃபாஸ்ட்' என்பது சாயம் போகாதது. 'ஃபாஸ்ட்' என்றால் வேகம் என்று மட்டும் தெரிந்த நான், சாயம் வேகமாகப் போகும் என்றுதான் முதலில் நினைத்தேன்!

சில இடங்களில் காரணமும் விளைவும் சொல்லும். துறைமுகம் 'கன்ஜெஸ்டட்' ஆக இருந்ததால் கப்பல் வெளியே நான்கு நாட்கள் காத்திருந்தது என்று ஏஜன்ட் எழுதுகிறார். கப்பல் ஏன் வெளியே நிற்கும்? உள்ளே இடமில்லை. நெரிசல். முடிந்தது.

இன்னொன்று சொல்லின் வால். ஒப்பந்தங்களில் 'லெஸர்', 'லெஸி' என்று வரும். 'கன்சைனர்', 'கன்சைனி' என்றும் வரும். 'ஈ' என்ற ஒலியில் முடிந்தால் பெரும்பாலும் பெறுபவர், 'அர்' என்று முடிந்தால் கொடுப்பவர். கடையைக் குத்தகைக்குக் கொடுப்பவர் லெஸர், பெறுபவர் லெஸி. சரக்கை அனுப்புபவர் கன்சைனர், பெறுபவர் கன்சைனி. இதே கணக்கில் 'மோர்கேஜி' யார்? ஈடு வைத்து கடன் எடுத்த நாம் என்றுதான் நினைப்போம். இல்லை. ஈட்டைப் பெற்றுக்கொண்ட வங்கிதான் மோர்கேஜி. ஈட்டைக் கொடுத்த நாம் மோர்கேஜர்.

இறக்குமதி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலைக் கடிதத்தில் எஃப்.ஓ.பி. என்றும் சி.ஐ.எஃப். என்றும் வரும். பின்னால் வரும் ஊரின் பெயரைப் பாருங்கள். எஃப்.ஓ.பி. நிங்போ என்றால் சீனாவின் நிங்போ துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரைதான் விற்பவரின் செலவு. கப்பல் கூலியும் காப்புறுதியும் நம் தலையில். சி.ஐ.எஃப். கொழும்பு என்றால் கொழும்பு வரை கப்பல் கூலியும் காப்புறுதியும் விலைக்குள் அடங்கும். இரண்டு விலைகளையும் ஒன்றாக வைத்து "இவன் மலிவு" என்று சொல்லக் கூடாது. இன்னொரு நுணுக்கம், சி.ஐ.எஃப். என்றாலும் சரக்கு அங்கே கப்பலில் ஏறியவுடனேயே ஆபத்தின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடும். நடுக்கடலில் நனைந்தால் விற்பவரைப் பிடிக்க முடியாது. அவர் எடுத்துத் தந்த காப்புறுதியைத்தான் பிடிக்க வேண்டும்.

தெரிந்த முகத்தோடு வரும் சொற்கள்

இனி மாஸ்டர் எச்சரித்த அந்தச் சொற்களுக்கு வருகிறேன். இவை நண்பர்களைப் போல வந்து நிற்கும்.

'இன்ட்ரெஸ்ட்' என்றால் எமக்கு வட்டி. என் நண்பர் ஒருவர் காணி வாங்கும்போது உறுதியில் 'ரைட், டைட்டில் அன்ட் இன்ட்ரெஸ்ட்' என்று கண்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "நான் வட்டிக்குக் கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றார். நொத்தாரிஸ் சிரித்துவிட்டு விளக்கினார். அங்கே அதற்குக் காணியில் உள்ள உரித்து என்று பொருள். நண்பரைப் பார்த்து நாமும் சிரிக்கலாம். ஆனால் அவர் கேட்டார். நான் வொரன்டியைப் பற்றிக் கேட்கவில்லை. யார் கெட்டிக்காரர்?

'அவுட்ஸ்டேண்டிங்' என்று மகனின் தேர்ச்சி அறிக்கையில் வந்தால் சிறப்பு. வழங்குநரின் கடிதத்தில் வந்தால் நாம் கட்டாமல் வைத்திருக்கும் பாக்கி. 'கன்ஸிடரேஷன்' என்றால் பேச்சில் கவனம், அனுதாபம். ஒப்பந்தத்தில் கொடுக்கும் விலை, கைமாறு. 'கிளீன்' என்றால் சுத்தம். கப்பல் பத்திரத்தில் கிளீன் என்றால் சரக்கிலோ பொதியிலோ பழுது இருப்பதாகக் குறிப்பு எதுவும் இல்லாத பத்திரம்.

'எக்ஸிகியூட்' என்பது இன்னொரு சொல். பத்திரத்தை எக்ஸிகியூட் செய்வதென்றால் முறைப்படி கையெழுத்திட்டு நிறைவேற்றுவது. ஆனால் 'பராட்டே எக்ஸிகியூஷன்' என்றால் கதையே வேறு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கடன் கட்டத் தவறினால் வங்கி நீதிமன்றத்துக்கு வழக்குப் போகாமல், தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தோடு ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம். ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள். ஒன்று கையெழுத்து, மற்றது ஏலம்.

எல்.சி. திறப்பவர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. பெரும்பாலான எல்.சி.களில் யூ.சி.பி. 600 என்று ஒரு வரி இருக்கும். அது சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் விதிக் கோவை. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வங்கிகள் கையாள்வது ஆவணங்களை மட்டுமே. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வங்கி பார்க்காது. ஆவணம் எல்.சி.யோடு பொருந்தினால் பணம் போய்விடும். ஆகவே என்ன ஆவணம் வேண்டும் என்று நாம் ஆங்கிலத்தில் எழுதும் அந்தச் சில வரிகள்தான் எமது ஒரே காவல். வேறு நிறுவனமொன்றின் தரப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டுமென்றால் அதை அங்கேயே கேட்க வேண்டும். சரக்கு வந்த பிறகு அழுது பயனில்லை.

மருமகன் கொண்டுவந்த பத்திரம்

அண்மையில் என் தங்கையின் மகன் ஒரு பத்திரத்தோடு வந்தான். நண்பர் ஒருவரின் ஐம்பது இலட்சம் ரூபாய் வசதிக்கு அவனும் வேறு இருவரும் பிணை நிற்கப் போகிறார்கள்.

"மாமா, மூன்று பேர். எனக்கு வருவது பதினாறு, பதினேழு இலட்சம்தான். அதுவும் அவர் கட்டாவிட்டால்தானே."

"அப்படி எங்கே எழுதியிருக்கிறது?"

அவன் ஒரு வரியைக் காட்டினான். 'ஜொயின்ட்லி அன்ட் செவரலி' என்று இருந்தது. "ஜொயின்ட்லி என்றால் சேர்ந்து. செவரல் என்றால் பல பேர். பல பேர் சேர்ந்து. பங்கு போட்டுத்தானே?" என்றான். அவனும் தெரிந்த சொல்லில்தான் விழுந்திருக்கிறான். போனில் மொழிபெயர்த்தும் பார்த்திருக்கிறான். "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று வந்ததாம். "தனித்தனியாக என்றால் தனித்தனிப் பங்கு" என்று தனக்குத்தானே முடிவு கட்டிவிட்டான்.

நான் மாஸ்டராக மாறினேன். "இரண்டு வரி கீழே வாசி."

வாசித்தான். 'ஹோல்' என்று இருந்தது. 'எனி வன்' என்று இருந்தது. முழுத் தொகையையும் பிணையாளிகளில் எந்த ஒருவரிடமிருந்தும் வங்கி கேட்கலாம் என்ற கருத்து. அவன் முகம் மாறியது. "அப்போ மற்ற இரண்டு பேரும் கட்டாவிட்டால்..."

"ஐம்பது இலட்சமும், அதற்கு மேல் சேர்வதும், உன்னிடம் கேட்கலாம். நீ கட்டிவிட்டு மற்ற இருவரையும் தேடிப் போகலாம். அது உன் பாடு."

அவன் நண்பனைக் கைவிடவில்லை. நானும் கைவிடச் சொல்லவில்லை. சட்டத்தரணி ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டினான். தன் பிணை இருபது இலட்சத்துக்கு மேற்படாது என்று ஒரு வரம்பை எழுதித் தருமாறு கேட்டான். இரண்டு வாரம் இழுபறிப்பட்டு வங்கி ஒத்துக்கொண்டது. கேட்டதால் கிடைத்தது. வாசித்ததால்தான் கேட்க முடிந்தது.

ஊகம் எங்கே நிற்க வேண்டும்?

அக்கம் பக்கம் பார்த்துப் பொருள் காண்பது நல்ல வழி. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மாஸ்டர் எனக்குச் சொன்ன எல்லை இது. கடிதம் வாசிக்க ஊகம் போதும். கையெழுத்து வைக்க ஊகம் போதாது. தொகை, திகதி, 'நொட்', 'அன்லெஸ்', 'சப்ஜெக்ட் டு' ஆகிய ஐந்தில் ஊகிக்கவே கூடாது. 'அன்லெஸ்' என்றால் "இன்னது செய்தாலொழிய". 'சப்ஜெக்ட் டு' என்றால் மேலே கொடுத்த வாக்குறுதிக்குக் கீழே ஒரு பூட்டு இருக்கிறது என்று அர்த்தம். பூட்டைத் திறந்து பார்க்காமல் வாக்குறுதியை நம்பக் கூடாது.

போனில் உள்ள மொழிபெயர்ப்பை நான் குறை சொல்லவில்லை. நானும் பாவிக்கிறேன். ஆனால் 'வொரன்டி' என்று போட்டால் அது "உத்தரவாதம்" என்று சொல்லும். யாருடைய உத்தரவாதம், யாருக்கு என்று அந்தச் சொல் சொல்லாது. முழு வாக்கியத்தையும் நாம்தான் பார்க்க வேண்டும். அதே போல, டியூஷன் விட்டு வந்த பிள்ளையிடம் "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்காதீர்கள். "யார், என்ன, எப்போது, இல்லாவிட்டால் என்ன?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும். வியாபாரம் உங்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் கடிதம் திறக்கும்.

இன்னொரு உரிமையையும் மறக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. அரச திணைக்களத்தோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எமக்கு அரசியலமைப்பு இடம் தருகிறது. வரித் திணைக்களக் கடிதமானாலும் தமிழில் கேளுங்கள். ஆனால் ஒன்று. தமிழ்க் கடிதம் வரும் வரை ஆங்கிலக் கடிதத்திலுள்ள திகதி காத்திருக்காது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி மதிப்பீட்டை மீளாய்வு செய்யுமாறு கேட்க 30 நாட்கள்தான். லாச்சிக்குள் கிடக்கும் நாட்களும் அந்த முப்பதுக்குள் சேரும்.

வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு பத்திரம் புதுப்பிக்க வந்தபோது நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று இரவுகள் வாசித்தேன். விளங்காத இடங்களில் பென்சிலால் கோடு போட்டேன். பதினொரு கோடுகள். ஏழுக்கு அக்கம் பக்கத்துச் சொற்களே பதில் தந்தன. மிச்சம் நான்கையும் எடுத்துக்கொண்டு ஏஜன்டிடம் போனேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஹாஜியார், இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். பத்திரத்தை வாசித்துவிட்டு வந்த ஆட்களை விரலில் எண்ணலாம்" என்றார். அன்றே மரத் தட்டுகளுக்கு ஓடர் கொடுத்தேன். இப்போது வெல்லம்பிட்டிக் களஞ்சியத்தில் ஒரு கட்டுக்கூடத் தரையைத் தொடுவதில்லை.

இன்றிரவு கடை பூட்டிய பிறகு உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை வெளியே எடுங்கள். 'வொரன்டட்' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஆங்கில எழுத்தில் டபிள்யூ என்று தொடங்கும். கண்டுபிடித்தால் அந்த வரியையும் அடுத்த வரியையும் வாசியுங்கள். நீங்கள் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிறகு நாளைக் காலையில் களஞ்சியத்துக்குப் போய்த் தரையைப் பாருங்கள்.